42-வது நாளுக்கும் 30-வது வயதுக்கும் நடுவே: கர்ப்பகால நீரிழிவு கண்ட தாய்மார்களைத் தவறவிடும் திட்டங்கள்

புது தில்லி: கருவுற்ற காலத்தில் சர்க்கரை நோய் கண்ட ஒரு பெண்ணை, பிரசவமாகி ஆறு வாரங்கள் வரை தாய்-சேய் நலத் திட்டம் கவனித்துக் கொள்கிறது. அதே பெண் 30 வயதை எட்டியதும் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டம் அவரைத் தேடி வருகிறது. அவர் 23 வயதில் பிரசவித்தவர் எனில், இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அவரது ரத்தச் சர்க்கரையையோ, வயிற்றுச் சுற்றளவையோ தேடிச் சென்று அளக்க வேண்டிய பொறுப்பு எந்தத் திட்டத்திடமும் இல்லை.

கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்களுக்கு நிரந்தரச் சர்க்கரை நோய் வேகமாக உருவாவது பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில்தான் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த உண்மை. ஆபத்து அதிகமுள்ள அந்த ஆண்டுகளிலேயே அரசின் கண்காணிப்பு இல்லாமல் போவதுதான் இப்போதைய பிரச்னை.

ஆபத்து எவ்வளவு?: கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, மற்ற தாய்மார்களைவிட ஏழு மடங்குக்கு மேல் அதிகம் என்று 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது. 2020-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான மற்றொரு தொகுப்பு, அதை ஏறத்தாழ பத்து மடங்கு என மதிப்பிட்டது.

இந்தியாவில் இப்பிரச்னையின் அளவை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது தமிழகம்தான். சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. சேஷய்யாவும் அவரது குழுவினரும் 2005 முதல் 2007 வரை 12 ஆயிரத்துக்கும் அதிகமான கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், நகர்ப்புறத்தில் 17.8 சதவீதம் பேருக்கும், புறநகர்ப் பகுதிகளில் 13.8 சதவீதம் பேருக்கும், கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்கும் கர்ப்பகால நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற முடிவை 2007-ல் தமிழக அரசு எடுத்தது. மத்திய அரசு 2014-ல் இதற்கான தேசிய வழிகாட்டுதல்களை வெளியிட்டு, 2018-ல் திருத்தியமைத்தது.

கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லி கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளும் எளிய முறை அது. முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் இப்பரிசோதனை செய்யப்பட வேண்டும். நோயைக் கண்டறியும் பணியில் இந்தியா பின்தங்கிவிட்டது என்று இனிக் கூற இயலாது. கண்டறிந்த பெண்ணை அதற்குப் பின்னர் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

வயிற்றுக் கொழுப்பின் பங்கு: கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடல் இன்சுலினுக்கு இணங்கும் திறனைக் குறைக்கின்றன. குழந்தைக்குத் தடையின்றிச் சர்க்கரை சென்று சேர இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிடுகிறது. ஈடுகட்ட இயலாதவர்களுக்குச் சர்க்கரை அளவு உயர்கிறது.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானோருக்குச் சர்க்கரை அளவு இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நோய் தீர்ந்துவிட்டது என்று குடும்பத்தினர் நினைப்பது இதனால்தான். உண்மையில், இப்பெண்களில் பலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பே இன்சுலினுக்கு இணங்கும் திறன் குறைவாக இருந்திருக்கிறது. கணையத்தின் கையிருப்பும் குறைவுதான். பிரசவத்தால் இவ்விரண்டும் மாறுவதில்லை.

இந்த நிலையில் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வது கூடுதல் சுமையாகிறது. தோலுக்கு அடியில் தங்கும் கொழுப்பைக் காட்டிலும், குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து தங்கும் கொழுப்பே அதிகத் தீங்கு செய்கிறது. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலைச் சென்றடைகின்றன. கல்லீரலிலும் கொழுப்பு படிகிறது. இன்சுலின் இட்ட கட்டளையை மீறிக் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விடுகிறது. தசைகளும் சர்க்கரையை முன்போல ஏற்பதில்லை. ஏற்கெனவே களைத்த கணையம் மேலும் உழைக்க வேண்டியதாகிறது. அது தளரும் நாளில் சர்க்கரை நோய் நிரந்தரமாகிவிடுகிறது.

எடை எந்திரம் காட்டாதது: "அவள் ஒல்லியாகத்தானே இருக்கிறாள்" என்ற ஆறுதல் நம் நாட்டில் செல்லாது. 2004-ல் லான்செட் இதழில் வெளியான ஒரு புகைப்படம் மருத்துவ மாணவர்களிடையே பிரபலமானது. புணேயைச் சேர்ந்த டாக்டர் சி.எஸ். யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஜான் யட்கின் ஆகிய இருவரும் அருகருகே நிற்கும் படம் அது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடலில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கோ 21.2 சதவீதம். ஒரே எடைக் குறியீட்டிலும் இந்தியர் உடலில் கொழுப்பு அதிகமாக இருக்கக்கூடும் என்பதற்கு அப்படம் சாட்சியாயிற்று. இந்தியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என மருத்துவர்கள் வலியுறுத்துவதன் பின்னணி இதுவே.

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் (2019-21) முதன்முறையாக வயிற்றுச் சுற்றளவும் அளக்கப்பட்டது. அந்தப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 2023-ல் வெளியான கட்டுரையின்படி, நாட்டில் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது. ஆண்களிடையே இது 12 சதவீதம் மட்டுமே. பெண்களைப் பொருத்தவரை கேரளத்தில் 65.4 சதவீதம், தமிழகத்தில் 57.9 சதவீதம். தென் மாநிலங்கள் பெருமை கொள்ளும் சுகாதாரக் குறியீடுகளின் பட்டியலில் இந்த எண்களுக்கும் இடமளிக்க வேண்டியுள்ளது.

பிரசவித்த பெண்ணின் வயிறு தளர்ந்திருப்பது முழுவதும் கொழுப்பு அல்ல. விரிந்த தசை பழைய நிலைக்குத் திரும்பச் சில மாதங்களாகும். எனவே, பிரசவமான உடனே நாடாவை எடுத்துக் கொண்டு அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஓராண்டு கடந்தும் சுற்றளவு குறையாமல் கூடிக் கொண்டே போகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

போனக்காட்டுக் கணக்கு: திட்டங்களின் இடைவெளி எப்படி ஒரு குடும்பத்தைப் பாதிக்கும் என்பதை அறிய, திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் அகத்திய மலையடிவாரத்தில் உள்ள போனக்காட்டைப் பொருத்திப் பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. தமிழகத்திலிருந்து கொழுந்து பறிக்கச் சென்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்குள்ள லயங்களில் வசிக்கின்றனர். ஊதியப் பாக்கி, பணிக்கொடைப் பாக்கி என நீண்ட நெருக்கடிக்குப் பின், சென்ற பத்தாண்டில் தோட்டம் முடங்கிப் போயிற்று.

கேரளத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. ஆகவே, போனக்காட்டுப் பெண் ஒருவருக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை உயர்ந்தால் அது தெரியாமல் போக வாய்ப்பு குறைவு. பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் மீண்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது தேசிய வழிகாட்டுதல். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, கரைசலைக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து மீண்டும் ரத்தம் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையுடன், சாப்பிடாமல், மலைப் பாதையில் இறங்கி விதுராவுக்கோ நெடுமங்காட்டுக்கோ செல்ல வேண்டும் என்பது இதன் நடைமுறைப் பொருள். அன்றைய கூலியை இழந்து துணைக்கு ஒருவர் வர வேண்டும். ஆறாவது வாரப் பரிசோதனைக்குத் திரும்பி வருவோர் குறைவு என்று பல நாடுகளின் ஆய்வுகள் கூறுவதற்கு இத்தகைய காரணங்களே அடிப்படை.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு செல்லும் நமது வழக்கமும் இதில் சேர்ந்து கொள்கிறது. ஒரு சுகாதார நிலையத்தில் கர்ப்பப் பதிவு, வேறொரு நிலையத்தில் பிரசவம், மூன்றாவது இடத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஆவணம் சிதறுகிறது. மாநில எல்லையைக் கடந்து மண உறவு கொள்ளும் தமிழ்த் தோட்டக் குடும்பங்களில் அச்சிதறல் இரு மாநில அரசுகளின் பதிவேடுகளுக்கு நடுவே நேர்கிறது.

சட்டம் தரும் பாதுகாப்பு: தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி, குழந்தைகள் காப்பகம், வீடு ஆகியவற்றை உரிமையாளர் அளிக்க வேண்டும் என்று 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறியது. அச்சட்டமும், 1961-ம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டமும் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அடங்கிவிட்டன. இச்சட்டங்கள் 2025 நவம்பர் 21-ம் தேதி நடைமுறைக்கு வந்தன. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்பது இவற்றின் முக்கியச் சிறப்பாக மத்திய அரசால் எடுத்துக் கூறப்பட்டது.

வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால், 23 வயதில் கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண், 40 வயது வரை காத்திருக்க வேண்டியவர் அல்ல. 26 வார மகப்பேறு விடுப்பைப் பெறுவதற்கும், முந்தைய 12 மாதங்களில் 80 நாள்கள் அந்த நிறுவனத்தில் பணியாற்றியிருக்க வேண்டும். முடங்கிய தோட்டத்தில் உரிமையாளரும் இல்லை. 80 நாள் வேலையும் இல்லை. உரிமையாளர் வழியாகவே நலனைக் கொண்டு சேர்க்கும் சட்டம், உரிமையாளர் விட்டுச் சென்ற ஊரில் யாருக்கும் உதவுவதில்லை.

தாய்ப்பாலூட்டும் விஷயத்திலும் இந்த விடுப்புக்குத் தொடர்பு உண்டு. கர்ப்பகால நீரிழிவு கண்ட ஏறத்தாழ ஆயிரம் பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2015-ல் வெளியாயின. முழுமையாகவும் அதிக மாதங்களும் தாய்ப்பாலூட்டியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது கணிசமாகக் குறைந்திருந்தது அதில் தெரிய வந்தது. தினக் கூலிக்குச் செல்லும் தாய்க்கு அந்த வாய்ப்பு சீக்கிரமே பறிபோகிறது.

அறிவுரை மட்டும் போதுமா?: வயிற்றுக் கொழுப்பைக் குறைத்தால் நோயைத் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் நடைபெற்ற சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், கர்ப்பகால நீரிழிவு வரலாறு உள்ள பெண்களிடையே உணவு-உடற்பயிற்சி மாற்றமும், மெட்ஃபார்மின் மாத்திரையும் தனித்தனியே நோயின் வருகையை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தன. ஆனால், அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தொடர்ந்து தனிப்பட்ட வழிகாட்டுதல் அளிக்கப்பட்டது.

நமது பகுதியில் கிடைத்த அனுபவம் வேறு. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் மருத்துவமனைகளில், கர்ப்பகால நீரிழிவு கண்ட சுமார் 1,600 பெண்களிடம் வாழ்க்கைமுறை மாற்றத்துக்கான பயிற்சி சோதிக்கப்பட்டது. 2022-ல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களில் 25.5 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27.1 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நிலை மோசமடைந்தது. ஆய்வுக் காலத்தின் நடு அளவு 14 மாதங்களே. இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குழந்தை பிறந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் இளம் தாய்மார்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நிலை மோசமானது என்பதே அந்த ஆய்வு தந்த கவலைக்குரிய செய்தி.

போனக்காடு அமைந்துள்ள அதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, 1,007 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட கேரள சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வும் கவனிக்கத்தக்கது. உள்ளூர்க்காரர்களையே பயிற்றுவித்து, குழுக்களாகக் கூட்டிப் பேசும் முறை அது. இரண்டு ஆண்டுகளில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்கள் குழு உதவி பெற்றவர்களிடையே 14.9 சதவீதம், மற்றவர்களிடையே 17.1 சதவீதம். 2018-ல் வெளியான இம்முடிவு, புள்ளியியல் நோக்கில் உறுதியானதல்ல. எனினும், வாக்குச்சாவடி வரை சென்று மக்களைத் திரட்ட அரசியல் கட்சிகளால் மட்டுமல்ல, சுகாதாரப் பணியாளர்களாலும் இயலும் என்பதை அது காட்டியது. அந்த ஆய்விலும் 30 முதல் 60 வயது வரையுள்ளவர்களே சேர்க்கப்பட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றிலிருந்து பெறும் பாடம் ஒன்றே. "நடங்கள், சோற்றைக் குறையுங்கள்" என்ற அறிவுரையால் மட்டும் பலன் கிடைத்துவிடாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளந்து பார்த்து, தேவைப்பட்டவருக்கு உரிய நேரத்தில் மாத்திரை தொடங்கும் ஏற்பாடு வேண்டும். அதற்கு முதலில் அப்பெண்ணின் பெயர் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும்.

இருக்கும் வழியே போதும்: இதற்காகப் புதிய திட்டமோ, புதிய துறையோ தேவையில்லை. குழந்தை பிறந்த 42 நாள்களுக்குள் ஆஷா பணியாளர் ஆறு முறை வீட்டுக்குச் செல்கிறார். 2018-ல் தொடங்கப்பட்ட இளங்குழந்தைகளுக்கான வீடுசார் பராமரிப்புத் திட்டத்தின்படி 3, 6, 9, 12, 15-வது மாதங்களிலும் செல்கிறார். குழந்தையின் எடையைக் கவனிக்கும் அவர், அருகில் அமர்ந்திருக்கும் தாயின் வயிற்றைச் சுற்றி ஒரு நாடாவை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வயிற்றுச் சுற்றளவு, தொற்றா நோய்களுக்காக ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு கேள்விதான். அப்படிவத்தை நிரப்பத் தொடங்கும் வயது மட்டுமே 30 என நிர்ணயிக்கப்பட்டுள்ளது.

கர்ப்பகால நீரிழிவு வரலாறு உள்ளவர்களுக்கு அந்த வயது வரம்பை நீக்குவதும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே தாய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்வதும் சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கையில் முடியக்கூடியவை. கர்ப்பகால நீரிழிவு, தொற்றா நோய்த் திட்டத்தின் அங்கமாக இருக்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல்களே கூறுகின்றன.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. இளங்குழந்தைகள் திட்டத்தில் ஐந்து வருகைகளுக்கும் சேர்த்து ஆஷா பணியாளருக்குக் கிடைப்பது ரூ.250. உரிய ஊதியம் கோரி 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் எதிரே ஆஷா பணியாளர்கள் பல மாதங்கள் போராடினர். அப்பிரச்னை நாடாளுமன்றத்திலும் எதிரொலித்தது. மாதாந்திர ஊக்கத்தொகையை ரூ.2,000-லிருந்து ரூ.3,500-ஆக உயர்த்த முடிவு செய்திருப்பதாக அந்த ஆண்டு ஜூலையில் மக்களவையில் மத்திய அரசு தெரிவித்தது. கையில் மேலும் ஒரு நாடாவைக் கொடுப்பவர்கள், அதற்கான கூலியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

நாடாளுமன்றம் கேட்க வேண்டியவை: உடல் பருமன் குறித்து பிரதமர் நரேந்திர மோடி 2025 பிப்ரவரியில் வானொலி உரையில் பேசினார். சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டைப் பத்து சதவீதம் குறைக்குமாறு கேட்டுக் கொண்டார். கட்சி வேறுபாடின்றிப் பலரும் அதை வரவேற்றனர். ஆனால், எல்லோருக்குமான பொது வேண்டுகோளால் மட்டும், ஆபத்து மிகுந்தவர் யார் எனத் தெரிந்த பின்னும் அவரைக் கைவிடும் குறை நீங்கிவிடாது.

சுகாதாரம் குறித்த கேள்விகளுக்கு அளிக்கப்படும் பதில்கள், பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலங்களின் பொறுப்பு என்ற வாக்கியத்துடன் தொடங்குவது நாடாளுமன்ற வழக்கம். இந்த விஷயத்தில் அந்த வாக்கியம் முழு விடையாகாது. 42 நாள் வரம்பும் 30 வயது வரம்பும் மத்திய அரசின் திட்டங்களில் உள்ளவை. 40 வயது ஏற்பாடு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே வந்தது.

கடந்த ஐந்து ஆண்டுகளில் கர்ப்பகால நீரிழிவு கண்டறியப்பட்ட பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? ஓராண்டுக்குப் பின் மீண்டும் பரிசோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? மாநில வாரியாக இம்மூன்று எண்களையும் அவையில் வைக்குமாறு எந்த உறுப்பினரும் கேட்கலாம். முதல் எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், கைவிடப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் காட்டிவிடும்.

போனக்காடு, அருவிக்கரை சட்டப்பேரவைத் தொகுதியிலும் ஆற்றிங்கல் மக்களவைத் தொகுதியிலும் அடங்கியது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வாக்குகள் எண்ணிக்கையில் சொற்பம். தோட்டத்தின் பாக்கிகள், லயங்களின் பழுது, நில உரிமை என்று அவர்கள் முன்வைக்கும் கோரிக்கைகள் ஏற்கெனவே நீண்டவை. வெளியே தெரியாமல் வளரும் ஒரு நோயை அவர்கள் அந்தப் பட்டியலில் தாமாகச் சேர்க்கப் போவதில்லை. அடுத்த கர்ப்பத்தின்போது சர்க்கரை அளவு முன்னதைவிட அதிகமாகப் பதிவாகும்போதுதான், முதல் பிரசவத்துக்குப் பின் யாரும் தம்மைப் பரிசோதிக்க அழைக்கவில்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வரும்.